சிலுவையும் கொட்டாஞ்சேனைக் கலவரமும்

இயேசுநாதரைச் சிலுவையில் அறைந்தவர் யாவர்? குருமாரா? உரோமைப் போர்வீரரா? கூட்டத்தின் கூச்சலுக்கு அஞ்சிக் கைகழுவிவிட்டுத் தீர்ப்பளித்த பிலாத்துவா? கிறிஸ்தவ விசுவாசம் இவ்வினாவைக் கேட்பவனிடமே திருப்பி விடுகின்றது. 1566 ஆம் ஆண்டில் வெளிவந்த திரெந்துப் பொதுச்சங்க ஞானோபதேச நூல், பாவத்தில் நிலைக்கும் கிறிஸ்தவனின் குற்றம் யூதரின் குற்றத்திலும் பெரிது என்றது. எனினும் பல நூற்றாண்டுகளாக யூத இனத்தார்மீதே பழி சுமத்தப்பட்டது. அது தகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் பிரகடனஞ் செய்தது.

ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடுத்திருந்த காலத்தில், 1705 இல் இலங்கைக்கு வந்தவர் கோவா நாட்டு யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். தமிழில் அவர் இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தபசு காலத்தில் ஆலயங்களில் ஓதப்பட்டு வந்தது. கேட்போர் பிறரைச் சினந்து எழுவதற்கன்று, தம் பாவத்தை எண்ணி வருந்துவதற்கே அது ஓதப்பட்டது.

அந்தப் படிப்பினை எவ்வளவு எளிதில் மறக்கப்படும் என்பதற்குக் கொழும்புக் கொட்டாஞ்சேனையே சான்று. 1883 மார்ச் 25 உயிர்த்த ஞாயிறு. தீபதுத்தாராமய விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கக் கூட்டமொன்று தாக்கியது. தம் சமயச் சின்னங்கள் இழிவுபடுத்தப்படுகின்றன என்ற வதந்தியே அவர்களை மூட்டிவிட்டது. உயிர்ச்சேதமும் நேர்ந்தது. போதிய சான்றில்லையெனக் கூறி அரசாங்கம் எவரையும் தண்டிக்கவில்லை. நீதி கோரி ஒல்கொட் 1884 இல் இலண்டன் வரை சென்றார். பெரிய வெள்ளியன்று தம் பாவத்திற்காக அழுதவர், இரண்டே நாளில் குற்றவாளியை அயலானிடம் கண்டனர். கூட்டத்துள் மறைந்தவனுக்குக் கைகழுவத் தண்ணீரும் தேவைப்படுவதில்லை!

2019 ஏப்ரல் 21, மற்றோர் உயிர்த்த ஞாயிறு. அதே வட்டாரத்துக் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்தில் குண்டு வெடித்தது. முன்னெச்சரிக்கை கிடைத்தும் தடுக்கத் தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதியும் உயர் அதிகாரிகளும் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் கட்டளையிட்டது. பதவி என்னும் போர்வையை நீக்கி, பொறுப்பை மனிதர்மேல் வைத்த தீர்ப்பு அது.

நீதிமன்றம் சிலரையே விசாரிக்கலாம். சிலுவையின் முன் நிற்பவனோ தன்னைத்தானே விசாரிக்கக் கடமைப்பட்டவன். வதந்தியை நம்பினேனா? பரப்பினேனா? தீமை நிகழக் கண்டும் வாளாவிருந்தேனா? இவற்றுக்கு விடை கூறாத வணக்கம் உதட்டளவிலேயே நின்றுவிடும்.