பக்கவாதத்துக்கு ஒரு பேரேடு

மும்பையில் நோயைக் கணக்கெடுக்கும் வழக்கம் பிளேக்கோடு வலுப்பெற்றது எனலாம். 1896 செப்டம்பரில் மாண்ட்வியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் அந்நோயைக் கண்டறிந்தார். மறு ஆண்டே கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. அன்று அரசின் கவலையெல்லாம் ஒட்டுகிற நோய்கள்தாம். ஒட்டாத நோய்க்கும் இந்நகரமே வழிகாட்டியது. 1963-இல் இந்தியப் புற்றுநோய்ச் சங்கம் பம்பாயில் தொடங்கிய பதிவேடுதான், ஓர் ஊரின் மக்கள்தொகை முழுவதையும் கணக்கில் கொண்ட நாட்டின் முதல் புற்றுநோய்ப் பதிவேடு.

பக்கவாதத்தின் முறை தாமதமாகவே வந்தது. 2005, 2006 ஆகிய இரண்டு ஆண்டுகளில் டாக்டர் பி. எம். தலால் குழுவினர் பாந்த்ரா பக்கத்து எச் வார்டில் 1,56,861 பேர் வாழும் பகுதியை ஆராய்ந்தனர். முதன்முறையாகப் பக்கவாதம் கண்டவர்கள் 456 பேர். அவர்களில் பத்துக்கு மூன்று பேர் 28 நாட்களுக்குள் இறந்தனர். பின்னர் 2018-19-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஏற்பாட்டில் பக்கவாதப் பதிவேடு நடந்த ஐந்து இடங்களுள் திருநெல்வேலியும் ஒன்று. தாராவியில் நம்மவர் பலருக்கு அது சொந்தச் சீமை ஆயிற்றே!

இவையெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் தாமாகத் தேடிப்போய் எடுத்த கணக்கு. ஆஸ்பத்திரிகள் சட்டப்படி கொடுத்த கணக்கு அல்ல. இந்த வித்தியாசம் எனக்குப் பட்டுத்தான் புரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை என் மைத்துனருக்கு வாய் கோணி, வலக்கை தொங்கிவிட்டது. கோவண்டியிலிருந்து டாக்சியில் ஓடினோம். முதல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் இல்லை. இரண்டாவதில் ஸ்கேன் இருந்தது, பார்த்துச் சொல்ல டாக்டர் இல்லை. மூன்றாவதில், "லேட்டா கொண்டாந்துட்டீங்களே" என்றார்கள். ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம். இன்றும் அவர் கல்லாவில் இடக்கையால்தான் பணம் எண்ணுகிறார்.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. 2023-இல் அதைத் திருத்தி, எந்த ஆஸ்பத்திரியானாலும் அங்கு இறப்பவரின் மரணக் காரணத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால் செத்தவருக்குத்தான் அந்தக் கணக்கு. பிழைத்து முடங்கியவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதை அது கேட்பதில்லை.

அமெரிக்காவில் செனட்டர் பால் கவர்டெல் 2000-இல் மூளை ரத்தக்கசிவால் காலமானார். மறு ஆண்டே அவர் பெயரில் பக்கவாதப் பதிவேட்டுத் திட்டம் தொடங்கியது. சில மாநிலங்கள் விவரம் தருவதைச் சட்டமாகவே ஆக்கின. நோயாளி வாசலில் நுழைந்ததிலிருந்து ஊசி ஏறும்வரை எத்தனை நிமிடம் என்பது அங்கே முக்கியமான கேள்வி.

நம் நாட்டிலும் 2012 மே முதல் காசநோயைத் தனியார் ஆஸ்பத்திரிகளும் தெரிவித்தாக வேண்டும். ஆகவே இது நமக்கு ஆகாத காரியம் அல்ல. என் கடைத் தராசுக்கு முத்திரை கேட்கிற அரசு, ஆஸ்பத்திரிகளிடம் இந்த நிமிடக் கணக்கையும் கேட்க வேண்டும். எந்த வாசலுக்கு ஓடுவது என்று அடுத்த வீட்டுக்காரருக்காவது தெரியட்டும்.