இமயமலையைத் தாண்டாதவர்கள்

1956-இல் லண்டனில் 'தி லாங் வாக்' என்றொரு புத்தகம் வெளியானது. எழுதியவர் ஸ்லாவோமிர் ராவிச், போலந்து ராணுவத்தில் குதிரைப்படை அதிகாரியாக இருந்தவர். சோவியத் உளவுத்துறையிடம் சிக்கி, 25 வருஷ தண்டனை வாங்கி, சைபீரியாவில் யாகுட்ஸ்க் பக்கம் ஒரு முகாமில் அடைபட்டு, 1941-இல் சில கைதிகளோடு தப்பித்து, நடந்தே இந்தியா வந்து சேர்ந்த கதை. சைபீரியப் பனி, மங்கோலியா, தண்ணியில்லாத கோபி பாலைவனம், திபெத், கடைசியாக இமயமலை. மொத்தம் 6000 கிலோமீட்டருக்கு மேல். வழியில் பாதிப் பேர் செத்துப்போகிறார்கள். இமயமலையில் பனிமனிதனைப்போல இரண்டு உருவங்கள்கூடத் தென்படுகின்றன. முடிவில் கூர்க்கா ரோந்துப்படை ஒன்று இவர்களைக் கண்டெடுக்கிறது.

லட்சக்கணக்கில் விற்றது. பல மொழிகளுக்குப் போனது. 2010-இல் பீட்டர் வியர் இதை வைத்து 'தி வே பேக்' என்ற படமும் எடுத்தார், நம்மில் பலர் ஏதோ ஒரு ராத்திரி பார்த்திருப்போம். அதற்கு நான்கு வருஷம் முன்னாடியே, 2006-இல், பிபிசி வானொலி நிகழ்ச்சி ஒன்று பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்திருந்தது. ராவிச் முகாமில் இருந்தது உண்மை. ஆனா அவர் தப்பிக்கவில்லை. 1942-இல் பொதுமன்னிப்பில் விடுதலையாகி, ஆயிரக்கணக்கான போலந்துக்காரர்களோடு ஈரான் பக்கம் போய்ச் சேர்ந்தார். அவர் கைப்பட எழுதிய தாளே சாட்சி. அதற்குள் அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அவர் ஏன் பொய் சொன்னார் என்பதைவிட வேறொன்றுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அந்த மனிதர் நிஜமாகவே கைதாகியிருக்கிறார், நிஜமாகவே முகாமில் இருந்திருக்கிறார். சொல்வதற்கு ஓர் உண்மைக்கதை கையில் இருந்தது. அது போதாது என்று அவரோ, அவருக்காக எழுதிக்கொடுத்த பத்திரிகையாளரோ, முடிவுசெய்திருக்கிறார்கள். விற்பனையைப் பார்த்தால் அவர்கள் கணக்கு தப்பவில்லை. அதே காலத்தில் அதே முகாம்களிலிருந்து வந்த உண்மையான புத்தகங்களுக்கு என்ன ஆனது?

முதலில் நிஜமான விடுதலை எப்படி இருந்தது என்று பார்த்துவிடலாம். 1939 செப்டம்பரில் ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சோவியத் பக்கம் அகப்பட்ட லட்சக்கணக்கான போலந்துக் குடிமக்கள் கைதாகியோ நாடுகடத்தப்பட்டோ உள்ளே போனார்கள். 1941 ஜூனில் ஹிட்லர் சோவியத்தையே தாக்கியதும் கணக்கு மாறியது. ஜூலை 30 அன்று லண்டனில் போலந்து அரசுக்கும் சோவியத்துக்கும் ஒப்பந்தம். அடுத்த மாதமே போலந்துக் கைதிகளுக்கு 'பொதுமன்னிப்பு'. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு. ஜெனரல் ஆண்டர்ஸ் திரட்டிய படையில் சேரப் பலர் மத்திய ஆசியாவுக்கு ரயிலேறினார்கள். அங்கிருந்து ஈரான். இந்தியாவுக்கும் சிலர் நிஜமாகவே வந்தார்கள்: ஜாம்நகர் மகாராஜா பாலாசடியில் போலந்துக் குழந்தைகளுக்கு இடம் கொடுத்தார், கோலாப்பூர் பக்கம் வலிவடேயில் சுமார் 5000 பேர் தங்கினார்கள். லாரியிலும் ரயிலிலும் கப்பலிலும் வந்தவர்கள். ஒருத்தரும் இமயமலையைத் தாண்டி நடந்து வரவில்லை.

ஒரு கையெழுத்தில் உள்ளே போனார்கள், இன்னொரு கையெழுத்தில் வெளியே வந்தார்கள். இதில் சாகசம் எங்கே இருக்கிறது?

குஸ்தாவ் ஹெர்லிங் இப்படி வந்தவர்களில் ஒருவர். போர் தொடங்கியபோது வயது 20, இலக்கிய மாணவர். 1940 மார்ச்சில் லித்துவேனியா எல்லையைக் கடக்கப் பார்த்தபோது பிடிபட்டார். விசாரணையில் அவர்மேல் சந்தேகம் வர இரண்டு காரணங்கள். ஒன்று, காலில் இருந்த உயரமான பூட்ஸ். அது அதிகாரிகள் அணிவது. இரண்டு, பெயர். ரஷ்ய மொழியில் 'ஹ' ஒலி கிடையாது, ஹெர்லிங் 'கெர்லிங்' ஆகிவிடும். அதில் ஓர் எழுத்தை எடுத்தால் 'கெரிங்', ரஷ்ய உச்சரிப்பில் நாஜித் தளபதி கோரிங்! ஆக நீ அந்தத் தளபதிக்குச் சொந்தக்காரன். சோவியத் ஒன்றியத்தை எதிர்த்துப் போரிட எல்லையைக் கடக்க முயன்றான் என்று குற்றப்பத்திரிகை எழுதினார்கள். 'சோவியத்' என்பதை 'ஜெர்மனி' என்று மாற்றக் கூடாதா என்று இவர் கேட்டார். ரெண்டும் ஒண்ணுதான் என்று பதில் வந்தது. அப்போது இரண்டு நாடுகளும் நண்பர்கள். ஐந்து வருஷம் தீர்ப்பு. ஆர்க்காங்கெல்ஸ்க் பகுதியில் யெர்த்செவோ என்ற ஊரை ஒட்டிய மரம்வெட்டும் முகாம்.

ஹெர்லிங்கின் 'எ வேர்ல்ட் அபார்ட்' புத்தகத்தில் முகாம் ஒரு கொடூரக் காட்சியாக வருவதில்லை. ஓர் இயந்திரமாக வருகிறது, அது எப்படி ஓடுகிறது என்று நிதானமாகப் பிரித்துக் காட்டுகிறார். சமையலறையில் மூன்று அண்டாக்கள். நாளுக்கு இவ்வளவு மரம் என்று இலக்கு உண்டு. இலக்கில் 125 சதவீதத்துக்கு மேல் முடித்தவனுக்கு மூன்றாவது அண்டா, அதில் கஞ்சி கொஞ்சம் கெட்டி. இலக்கை எட்டினவனுக்கு இரண்டாவது. எட்டாதவனுக்கு முதல் அண்டா, கிட்டத்தட்ட வெந்நீர். ரொட்டியின் எடையும் இதே வரிசையில் குறையும். இன்றைக்குக் குறைவாக வெட்டியவன் குறைவாகச் சாப்பிடுவான். குறைவாகச் சாப்பிட்டவன் நாளைக்கு இன்னும் குறைவாக வெட்டுவான். எத்தனை நாளில் முடியும் என்பதுதான் பாக்கி. யாரும் துப்பாக்கியை எடுக்கவே வேண்டாம். மூன்றாவது அண்டாவும் காப்பாற்றாது. அந்தக் கூடுதல் கஞ்சியைவிட அதைச் சம்பாதிக்கச் செலவான உடம்பு அதிகம்.

இதில் பிழைக்க ஒரே வழி பொய். அதற்கு முகாமில் ஒரு சொல் இருந்தது: 'துஃப்தா'. வெட்டாத மரத்தை வெட்டியதாகக் கணக்கு எழுதுவது. ஏற்கெனவே அளந்து முத்திரை குத்திய கட்டையின் நுனியை ஒரு வட்டம் அறுத்துப் போட்டுவிட்டு, புது மரம்போல மறுபடி அளக்கக் கொடுப்பது. குழுத்தலைவன் எழுதுவான், அளப்பவன் கண்டுகொள்ள மாட்டான், மேலே இருப்பவன் தன் மேலதிகாரிக்கு அதே கணக்கை அனுப்புவான். எண்ணை மட்டும் அளக்கும் எந்த அமைப்பிலும் ஆட்கள் எண்ணைத்தான் உற்பத்தி செய்வார்கள். சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனா எங்கள் டைம்ஷீட் பொய்யில் யார் உயிரும் தொங்கவில்லை. அங்கே யாருக்கு துஃப்தா எழுதுவது, யாருக்கு எழுதாமல் விடுவது என்று முடிவுசெய்பவன் கையில் ஓர் ஆளின் சாவு இருந்தது.

அந்த முகாமில் கோஸ்திலேவ் என்று ஓர் இளைஞன். கட்சியை முழுசாக நம்பியவன், பிரெஞ்சு நாவல்களைப் படித்ததில் ஆரம்பித்த விபரீதத்தில் உள்ளே வந்தவன். வேலைக்குப் போகாமலிருக்க அவன் தன் கையைத் தானே நெருப்பில் காட்டிக்கொள்கிறான். காயம் ஆறும் நேரம் பார்த்து மறுபடி காட்டுகிறான். ஹெர்லிங் அதை நேரில் பார்த்துவிடுகிறார், வெளியே சொல்லவில்லை. பல வருஷம் கழித்து அவன் அம்மாவுக்கு அவனைப் பார்க்க அனுமதி கிடைக்கிறது. அதே சமயம் கொலிமாவுக்கு அனுப்பும் பட்டியலில் அவன் பெயர் வருகிறது. கொலிமா என்றால் திரும்பி வராத ஊர். அவனுக்குப் பதிலாக நான் போகிறேன் என்று ஹெர்லிங் போய்க் கேட்கிறார். பட்டியல் பட்டியல்தான் என்று விரட்டிவிடுகிறார்கள். கோஸ்திலேவ் குளியலறையில் கொதிக்கும் நீரை எடுத்துத் தன்மேல் ஊற்றிக்கொள்கிறான். அதிலேயே செத்துப்போகிறான்.

இந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு 'தி லாங் வாக்'கைப் புரட்டினால் வித்தியாசம் தானாகத் தெரியும். ராவிச்சின் ஆட்கள் கடைசிவரை நல்லவர்கள். பசியில்கூட ஒருத்தன் ரொட்டியை இன்னொருத்தன் திருடுவதில்லை.

ஹெர்லிங்கின் புத்தகம் 1951-இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் முன்னுரையோடு ஆங்கிலத்தில் வந்தது. பிரெஞ்சில் வர 1985 ஆனது. 34 வருஷம்! ஆல்பெர் காம்யூ படித்துவிட்டுப் பரிந்துரைத்தும் பாரிஸில் நடக்கவில்லை. அன்றைய பாரிஸ் அறிவுலகத்தில் சோவியத் என்றால் ஹிட்லரை வென்ற நாடு. அதன் முகாம்களைப் பற்றிப் பேசுபவன் அமெரிக்காவின் ஆள்.

அந்தப் பாரிஸ் நகரத்திலேயே 1949-இல் ஒரு வழக்கு நடந்தது. சோவியத்திலிருந்து ஓடிவந்த அதிகாரி கிராவ்சென்கோ தன் புத்தகத்தைப் பொய் என்று எழுதிய கம்யூனிஸ்ட் பத்திரிகைமேல் தொடுத்த அவதூறு வழக்கு. சாட்சிக் கூண்டில் ஏறிய ஒரு ஜெர்மன் பெண்ணின் பெயர் மார்கரெத் பூபர்-நாய்மன். ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் ஹைன்ஸ் நாய்மனின் துணைவி. ஹிட்லருக்குத் தப்பி இருவரும் மாஸ்கோவில் தஞ்சம் புகுந்தவர்கள். 1937-இல் அவரைக் கைதுசெய்து சுட்டார்கள். 1938-இல் இவரைக் கைதுசெய்து கஜகஸ்தானின் கரகண்டா முகாமுக்கு அனுப்பினார்கள். 1940 பிப்ரவரியில் ஒரு நாள், இவரையும் இன்னும் பல ஜெர்மானியக் கைதிகளையும் பிரெஸ்ட் லிட்டோவ்ஸ்க் பாலத்துக்குக் கொண்டுபோய், அந்தக் கரையில் நின்ற கெஸ்டபோ கையில் ஒப்படைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் யூதர்களும் இருந்தார்கள்.

அடுத்த ஐந்து வருஷம் நாஜிகளின் ராவென்ஸ்ப்ரூக் முகாம். அங்கிருந்த கம்யூனிஸ்ட் பெண்கள் சோவியத் எப்படி இருக்கிறது என்று இவரிடம்தான் ஆசையாகக் கேட்டார்கள். இவர் பார்த்ததைச் சொன்னார். பொய்காரி, துரோகி என்று ஒதுக்கிவைத்துவிட்டார்கள். ஹிட்லரின் முள்வேலிக்குள் நின்றுகொண்டு ஸ்டாலினின் முள்வேலி கிடையாது என்று நம்ப வேண்டிய தேவை அவர்களுக்கு. அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனசு வரவில்லை, வேறெதைப் பிடித்துக்கொண்டு அங்கே ஒரு நாளைத் தள்ளுவது? அங்கே இவருக்குக் கிடைத்த நெருங்கிய தோழி செக் பத்திரிகையாளர் மிலேனா யெசென்ஸ்கா. ஆமாம், காஃப்காவின் கடிதங்களில் வரும் அதே மிலேனா. 1944-இல் அவர் முகாமிலேயே இறந்தார். அவருடைய வாழ்க்கையையும் பின்னாளில் பூபர்-நாய்மன்தான் எழுதினார்.

யூலியுஸ் மர்கோலினின் கதை இன்னும் கசப்பு. டெல் அவிவில் குடியேறியிருந்த போலந்து யூதர், தத்துவம் படித்தவர். போர் வெடித்தபோது போலந்தில் இருந்ததால் சிக்கிக்கொண்டார். 1940-இல் கைது, ஐந்து வருஷம், வெண்கடல் கால்வாய்ப் பகுதி முகாம்கள். 1946-இல் வீடு திரும்பியதும் மூச்சுவிடாமல் எழுதினார். சொந்த ஊரிலேயே பதிப்பாளர் கிடைக்கவில்லை. நாஜிகளை முறியடித்த நாட்டைப் பற்றி இப்படி எழுதலாமா? 1949-இல் பிரெஞ்சில் வெட்டிச் சுருக்கி வந்தது. ஹீப்ருவில் முழுசாக வந்தபோது அவர் இறந்து 40 வருஷம் கடந்திருந்தது.

இங்கே நம்ம ஊரையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாஸ்கோவில் அச்சாகி மலிவு விலைக்குக் கிடைத்த தமிழ்ப் புத்தகங்களில் வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அந்த வழவழத்தாள், அந்தப் படங்கள், அந்த மொழிபெயர்ப்புகள். தல்ஸ்தோயும் தஸ்தயேவ்ஸ்கியும் பலருக்கு அந்த வழியில்தான் வந்தார்கள், அந்த நன்றி நியாயமானது. அதே சோவியத்தில்தான் சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாயாவை 1937-இல் சுட்டுக்கொன்றார்கள். அவனி முகர்ஜியையும் அதே வருஷம். இருவரும் பிரிட்டிஷாரை எதிர்த்து நாடுநாடாக அலைந்து, கடைசியில் நம்பிப்போய் நின்ற இடம் அது. அவர்களிடமிருந்து முகாம் நினைவுக்குறிப்பு எதுவும் இல்லை. முகாம்வரைக்கும் போகவே விடவில்லை.

புத்தகம் எழுதக் கிடைத்தவர்களிலும் எல்லாரும் கதை சொல்லவில்லை. ழாக் ரோஸி அகராதி செய்தார். பிரெஞ்சு-போலந்துக்காரர், கம்யூனிஸ்ட் அகிலத்தின் ரகசியத் தூதராகப் பல பெயர்களில் எல்லைகளைத் தாண்டியவர். 1937-இல் ஸ்பெயினிலிருந்து மாஸ்கோவுக்குத் திரும்ப அழைத்து, உள்ளே போட்டார்கள். நோரில்ஸ்க் தொடங்கி ஏறக்குறைய 20 வருஷம். முகாமில் கேட்ட ஒவ்வொரு சொல்லையும் நினைவில் வைத்திருந்து, அட்டைகளில் எழுதி, அகர வரிசையில் அடுக்கி, 1987-இல் 'குலாக் கையேடு' என்று வெளியிட்டார். துஃப்தாவுக்கு என்ன பொருள், அண்டாக்கள் எத்தனை, ரொட்டி எத்தனை கிராம், எல்லாம் உண்டு. பசியில் கடைசி நிலைக்குப் போனவனை 'வந்துசேர்ந்தவன்' என்ற பொருளில் ஒரு சொல்லால் கூப்பிடுவார்கள். எங்கே வந்துசேர்ந்தான்? சோசலிசத்துக்கு, எல்லாருக்கும் முன்னாடி. கைதிகளின் ஜோக் அது. ரோஸியின் பெரிய புத்தகத்தில் 'நான்' கிட்டத்தட்ட இல்லை. என்னை நம்ப வேண்டாம், சொற்களைச் சரிபார்த்துக்கொள் என்று அவர் சொல்வதாக எனக்குப் படுகிறது.

ஹெர்லிங் அப்படி ஒதுங்கவில்லை. 1941 கடைசியில், போலந்துக்காரர்களை விடச்சொல்லி உத்தரவு வந்த பிறகும் அவரையும் சிலரையும் முகாம் நிர்வாகம் பிடித்து வைத்திருந்தது. பட்டினிப் போராட்டம் இருந்தார்கள். 1942 ஜனவரியில் விடுதலை. ஆண்டர்ஸ் படையில் சேர்ந்து இத்தாலியில் மோன்டே காசினோ சண்டையில் போரிட்டார். அவர் புத்தகம் முகாம் வாசலோடு முடிவதில்லை. 1945-இல் ரோம் நகரத்தில் ஒருவர் அவரைத் தேடி வருகிறார், முன்பு வீத்தெப்ஸ்க் சிறையில் ஒரே அறையில் இருந்தவர். வேறொரு முகாமுக்குப் போனவர். அங்கே உயிர்பிழைக்க, உளவுத்துறை நீட்டிய பொய் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதனால் நாலு ஜெர்மானியக் கைதிகளைச் சுட்டுக்கொன்றார்கள். இதை அவர் வேறு யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே இருந்த ஒருத்தருக்குத்தானே புரியும் என்று ஹெர்லிங்கைத் தேடி வந்திருக்கிறார். அவர் கேட்பது மன்னிப்பல்ல. 'புரிகிறது' என்ற ஒரே ஒரு சொல்.

முகாமிலிருந்து வந்த மறுநாள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று ஹெர்லிங் நினைக்கிறார். ஆனால் வெளியே வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது, மறுபடி மனிதர்களுக்கு நடுவில் வாழ்கிறார், அவர்களுடைய அளவுகோலுக்குத் திரும்பியிருக்கிறார். வாய் வரவில்லை. வந்தவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து போகிறார். ஜன்னல் வழியாக, அவர் தெருவைத் தாண்டிப் போவதை ஹெர்லிங் பார்த்துக்கொண்டிருக்கிறார்.