எம்டன்: சொல்லும் கணக்கும்

தமிழில் எம்டன் என்றால் கெட்டிக்காரன், கண்டிப்புக்காரன், கிட்டே போக அஞ்சவேண்டியவன். ஒரு யுத்தக்கப்பலின் பெயர் நம் வசவாகவும் மெச்சலாகவும் ஆகிவிட்டது. அதில் சாகசம் தங்கியிருக்கிறது, வியாபாரம் உதிர்ந்துவிட்டது என்பது என் குறை.

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுமார் 130 குண்டுகள் சுட்டது. தொட்டிகள் எரிந்தன, சிலர் மாண்டனர். அரை மணிக்குள் எல்லாம் முடிந்தது. ஜனங்கள் நகரத்தைவிட்டு ஓடினார்கள். நம் ஞாபகம் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது.

காப்டன் வான் முல்லருக்கோ சென்னை ஒரு ராத்திரி வேலை. செப்டம்பர் 10 முதலே அவர் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களைப் பிடித்துக்கொண்டிருந்தார். செய்தி கல்கத்தாவுக்கு எட்டியதும் விரிகுடாவில் போக்குவரத்து நின்றது. நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை வீழ்த்தியது. அதுவரை அகப்பட்ட வணிகக் கப்பல்கள் 20க்குச் சற்று மேல். பிரிட்டிஷ் கப்பல் வணிகத்தில் அது ஒரு துளி.

மூழ்கிய கப்பலைவிடப் புறப்படாத கப்பல்கள்தான் பெரிய நஷ்டம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிற்கும் கப்பலுக்கும் கூலி உண்டு, சரக்கின் மேல் வாங்கிய கடனுக்கு வட்டி உண்டு. வியாபாரி தன் பயத்தை இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று கணக்கில் எழுதுகிறான். அது எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தே, 1914 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு கப்பல்களின் யுத்த இன்ஷூரன்ஸில் 80 சதவிகிதப் பொறுப்பைத் தானே ஏற்றது. கப்பல் முதலாளிக்கு அரசு இருந்தது. தென்னாற்காட்டு நிலக்கடலை பெரும்பாலும் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போவது. கப்பல் தாமதித்தால் இறங்கும் விலை, விளைவித்தவன் தலையில்தான். அவனுடைய பயத்துக்குப் பொறுப்பேற்க யாருமில்லை.

2023 நவம்பரில் ஹூதிகள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியபோதும் இதே கணக்குத்தான். மூழ்கியவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போனவை ஆயிரக்கணக்கில். 2023இல் 1,000 கோடி டாலரைத் தாண்டிய சூயஸ் கால்வாயின் வருமானம், 2024இல் சுமார் 400 கோடிக்கு இறங்கியது. கால்வாயில் ஒரு குண்டும் விழவில்லை.

நம் சரித்திரக்காரர்கள் பீரங்கிச் சத்தத்தைப் பதிவு செய்கிறார்கள். சத்தம் ஓய்ந்தபின் துறைமுகத்தில் கிடந்த மூட்டைகளை எண்ணியவர்கள் குறைவு. அந்த எண்ணிக்கை வரும்வரை, எம்டன் நமக்கு வெறும் மெச்சலாகவே இருந்துகொண்டிருக்கும்.