பொறிவண்டுச் சின்னத்தின் பயணம்: வுல்வொர்த்ஸ் கடைகளில் லேடிபேர்டு குழந்தை உடைகள், 1932–2009

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பிரிட்டனில் வளர்ந்த பிள்ளைகள் பலருக்குச் சட்டைக் கழுத்தின் உட்புறம் தைக்கப்பட்டிருந்த சிவப்புப் பொறிவண்டு பழக்கமான சின்னம். ‘லேடிபேர்டு’ என்ற பெயரில் வந்த அந்த உடைகள் பல கடைகளில் விற்றாலும், வுல்வொர்த்ஸ் என்னும் மலிவு விலைக் கடையின் அடையாளமாகவே பின்னாளில் நிலைத்தன. அந்த உடைகள் கடைத்தெருவுக்கு வந்து நிலைபெற்று மறைந்த வரலாற்றை இக்கட்டுரை தொடர்கிறது.

மலிவுக் கடைகளில் குழந்தை உடை விற்றதற்கு விலையைக் காரணமாகச் சொல்வது வழக்கம். விலை முக்கியம்தான். ஆனால் தாய்மார்கள் அந்த உடையைத் திரும்பத் திரும்ப வாங்கியதற்கு அதன் தரத்துக்கு ஒருவர் பொறுப்பேற்றதே காரணம். அந்தப் பொறுப்பின் அடையாளம்தான் பொறிவண்டு. முதலில் அது ஆலையின் கையில் இருந்தது. பிறகு கடைக்குப் போனது. கடைசியில் ஆலையும் கடைத்தெருக் கடையும் இல்லாத வெறும் பெயராக விற்கப்பட்டது. இந்த மூன்று கட்டங்களே இந்த வரலாற்றின் முதுகெலும்பு என்பது என் வாதம்.

ஆறு பென்னிக் கடை

அமெரிக்காவில் ஐந்து சென்ட், பத்து சென்ட் கடைகளால் பெரும் செல்வம் சேர்த்த ஃபிராங்க் வின்ஃபீல்ட் வுல்வொர்த், 1909 நவம்பரில் லிவர்பூலின் சர்ச் தெருவில் தம் முதல் பிரிட்டிஷ் கடையைத் திறந்தார். எந்தப் பொருளும் ஆறு பென்னிக்கு மேல் இல்லை என்பது கடையின் விதி. அன்றைய கணக்கில் அது ஒரு பவுண்டில் நாற்பதில் ஒரு பங்கு. இந்த உச்சவரம்பு இரண்டாம் உலகப்போர் தொடங்கும்வரை நீடித்தது.

குழந்தை உடையைப் பொறுத்தவரை இந்த வரம்பு ஒரு தடைச்சுவர். காலுறை, நாடா, பொத்தான், தையல் நூல், பின்னல் கம்பளி ஆகியவற்றை ஆறு பென்னிக்குள் விற்கலாம். தைத்து முடித்த மேலங்கியை விற்க முடியாது. அதனால் அன்றைய வுல்வொர்த்ஸ், உடையை விற்கும் கடை என்பதைவிட உடை தைக்கத் தேவையானதை விற்கும் கடையாகவே இருந்தது. உழைக்கும் குடும்பங்களில் தாய் வீட்டில் தைத்தாள், பின்னினாள். பெரியவன் போட்டது சின்னவனுக்கு இறங்கியது. மீதிக்குப் பழைய துணிச் சந்தை இருந்தது. கடையில் புதிதாக வாங்கிய குழந்தை உடை பல வீடுகளில் பண்டிகைக்கோ பள்ளி தொடங்கும்போதோ மட்டுமே கிடைத்தது.

எல்லை தாண்டி வந்த பின்னலாலை

இந்தக் கதையின் மறுமுனை பொஹீமியாவில், ஜெர்மன் மொழி பேசும் ஃப்ளைசன் என்ற சிற்றூரில் இருக்கிறது. இன்று செக் குடியரசில் பிளெஸ்னா என்று வழங்கும் அந்த ஊரில் பாசோல்டு குடும்பம் தலைமுறைகளாக நெசவிலும் பின்னலிலும் ஈடுபட்டிருந்தது. முதல் உலகப்போர் முடிந்து ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசு சிதறியதும், அவர்களுடைய பழைய சந்தை பல நாடுகளாகவும் பல சுங்கச்சாவடிகளாகவும் துண்டுபட்டது. பின்னல் உள்ளாடைகளை விற்க பிரிட்டன் நல்ல சந்தையாக அமைந்தது.

அந்த வழியும் விரைவில் அடைபட்டது. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட, பவுண்டின் மதிப்பு சரிந்தது. 1932 தொடக்கத்தில் இறக்குமதி வரிச் சட்டம் வந்தது. வெளியிலிருந்து விற்றால் கட்டுப்படியாகாது என்ற நிலையில், எரிக் பாசோல்டும் அவருடைய சகோதரர்களும் வரிச்சுவருக்கு உள்ளேயே ஆலை அமைக்க முடிவுசெய்தார்கள். 1932இல் இங்கிலாந்தின் ஸ்லௌ நகரத்தை அடுத்த லாங்லியில் அவர்களுடைய பின்னலாலை எழுந்தது. உள்ளூர்த் தொழிலைக் காக்கப் போட்ட வரி, அயலூர்த் தொழில்நுட்பத்தையும் தொழில்முனைவோரையும் நாட்டுக்குள்ளேயே கொண்டுவந்து சேர்த்தது.

1938இல் அந்த நிறுவனம் ‘லேடிபேர்டு’ என்ற வணிகச் சின்னத்தை வேறொரு நிறுவனத்திடமிருந்து 5 பவுண்டுக்கு வாங்கியது. வாங்கும்போது அது வெறும் பதிவுபெற்ற பெயர். அதற்கு மதிப்பைச் சேர்த்தது லாங்லியில் பின்னிய துணி.

பங்கீட்டுக் காலம்

1941 ஜூன் 1ஆம் தேதி பிரிட்டனில் துணிப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. முதல் ஆண்டில் ஆளுக்கு 66 கூப்பன். குழந்தை உடைக்குக் குறைந்த கூப்பனே போதும் என்றும், வளரும் பிள்ளைகளுக்குக் கூடுதல் கூப்பன் என்றும் அரசு ஏற்பாடு செய்தது. சிசி41 என்ற முத்திரையோடு வந்த ‘பயன்பாட்டு’ உடைத் திட்டம், துணியின் தரத்தையும் விலையையும் அரசே வரையறுக்கச் செய்தது. சாதாரணக் குடும்பமும் தரம் உறுதிசெய்யப்பட்ட ஆயத்த உடையைக் கடையில் வாங்கப் பழகியது இந்த ஆண்டுகளில்தான்.

பங்கீடு 1949 மார்ச்சில் முடிந்தபோது மூன்று மாற்றங்கள் கூடிவந்தன. போருக்குப் பின் பிறப்பு எண்ணிக்கை உயர்ந்திருந்தது. வேலையும் கூலியும் நிலைப்பட்டிருந்தன. ஆறு பென்னி வரம்பு போய்விட்டதால் முழு உடையை விற்க வுல்வொர்த்ஸுக்குத் தடை எதுவும் இல்லை. 1958இல் அந்நிறுவனம் பிரிட்டனில் தன் ஆயிரமாவது கடையைத் திறந்தது. சிறு நகரத்துக் கடைத்தெருவில்கூடக் கிளை வைத்திருந்த விற்பனையாளரும், பெரும் அளவில் ஒரே தரத்தில் பின்னித் தரக்கூடிய ஆலையும் ஒன்றையொன்று தேடியது இயல்பு. பின்வந்த ஆண்டுகளில் லேடிபேர்டு உடைகளின் பெரிய விற்பனை வாயில்களில் ஒன்றாக வுல்வொர்த்ஸ் அமைந்தது.

டி-ஷர்ட்டும் தோள்பட்டைப் பொத்தானும்

இந்த வெற்றிக்குத் துணியின் தன்மையே அடிப்படை. தறியில் நெய்த துணியில் பாவும் ஊடும் நேராக ஓடுவதால் அது அதிகம் இழுபடாது. பின்னல் துணி கண்ணி கண்ணியாகக் கோர்ப்பது; இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். ஓடி, ஏறி, புரண்டு விளையாடும் உடலுக்கு இது பொருத்தம். சில மாதங்களிலேயே அளவு மாறிவிடும் உடலுக்கு இன்னும் பொருத்தம். அமெரிக்காவில் பரவிவந்த டி-ஷர்ட்டைப் பிரிட்டிஷ் பிள்ளைகளின் அன்றாட உடையாக்கிய நிறுவனங்களில் லேடிபேர்டும் ஒன்று.

சிறுகுழந்தைகளின் டி-ஷர்ட்டை எடுத்துக் கழுத்துப் பகுதியைக் கவனித்தால் இந்தத் தொழிலின் நுட்பம் புலப்படும். பிறந்த குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு; வளர்ந்தவருக்கு அது ஏழில் அல்லது எட்டில் ஒரு பங்கு. ஆகவே பெரியவர் சட்டையை அப்படியே சிறிதாக்கித் தைத்தால், உடல் நுழையும், தலை நுழையாது. கழுத்தை அகலமாக வெட்டினால் தோளிலிருந்து சரியும், மார்பில் குளிர் படும். இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, கழுத்தில் நன்றாக இழுபடும் ரிப் துணியைப் பட்டையாக வைத்துத் தைப்பது. மற்றொன்று, ஒரு தோள்பட்டையைத் திறந்துவிட்டு இரண்டு மூன்று பொத்தான் வைப்பது. குழந்தை அழாமல் சட்டை மாட்ட முடிகிறதா என்பதுதான் தாயின் தரச்சோதனை. அதில் தேறிய உடையின் சின்னத்தை அவள் மறக்கமாட்டாள்.

பிரிட்டிஷ் கடைகளில் 1950களின் நடுவிலிருந்து பரவிய சுயசேவை முறை இந்தச் சின்னத்துக்கு மேலும் வலுச்சேர்த்தது. முன்பு மேசைக்குப் பின்னால் நின்ற விற்பனைப் பெண் எடுத்துக் காட்டினாள். துணியைப் பற்றி நாலு வார்த்தை சொன்னாள். சுயசேவையில் அவள் இடத்தைச் சீட்டு பிடித்துக்கொண்டது. வயது, அளவு, துவைக்கும் முறை, தரம் எல்லாவற்றையும் உடையே சொல்லவேண்டி வந்தது. படிக்கத் தெரியாத பிள்ளைக்குக்கூடப் பொறிவண்டு அடையாளம் தெரிந்தது.

சட்டமும் வரியும்

கடை அடுக்கில் என்ன தொங்கலாம் என்பதைத் தீர்மானித்ததில் அரசுக்கும் பெரும் பங்கு உண்டு. வீடுகளில் திறந்த கணப்பு எரிந்த காலத்தில், தளர்ந்து தொங்கும் பருத்தி இரவுடையில் தீப்பற்றிக் குழந்தைகள் இறந்தார்கள். 1964இல் குழந்தைகளின் இரவு அங்கிகளுக்கான விதிகள் வந்தன. 1985இல் இரவுடைப் பாதுகாப்பு விதிகள் அவற்றை விரிவாக்கின. குழந்தையின் கழுத்தில் இறுகக்கூடிய தலைமூடிக் கயிறுகளுக்கு 1976இல் கட்டுப்பாடு வந்தது. ஒவ்வொரு விதியும் உடையை வெட்டும் முறையையும் துணியையும் மாற்றியது. எச்சரிக்கைச் சீட்டு தைப்பது வழக்கமாயிற்று.

வரியும் இப்படித்தான். 1973 ஏப்ரல் 1 அன்று பிரிட்டனில் மதிப்புக் கூட்டு வரி நடைமுறைக்கு வந்தபோது சிறுபிள்ளைகளின் உடைக்கும் காலணிக்கும் சுழிய விகிதம் வைத்தார்கள். கடைக்காரர் வாங்குபவரிடம் வரி வசூலிக்க வேண்டியதில்லை. தாம் கொள்முதலில் கட்டிய வரியையும் திரும்பப் பெறலாம். ஆனால் சிறுபிள்ளையின் உடை எது என்பதை வரித்துறை உடல் அளவுகளைக் கொண்டு வரையறுத்தது. அந்த அளவைத் தாண்டினால் அதே சட்டைக்கு வரி உண்டு. இதனால் பிள்ளைகளுக்கான பகுதியைத் தனியாகப் பிரித்து, அளவுகளைத் துல்லியமாக வகுப்பது கடைகளுக்குக் கட்டாயமாயிற்று. இந்தச் சலுகை எவ்வளவு உணர்வுபூர்வமானது என்பதை அண்டை நாடான அயர்லாந்து காட்டியது. 1982 ஜனவரியில் பிள்ளைகளின் காலணிக்கு அவ்வரி விதிக்க முனைந்த வரவுசெலவுத் திட்டம் தோற்று, காரெட் ஃபிட்ஸ்ஜெரால்டின் அரசே கவிழ்ந்தது.

ஆலையிலிருந்து கடைக்கு

1965இல் பாசோல்டு நிறுவனத்தை நூல் தயாரிப்பில் பெரும்பெயர் பெற்ற கோட்ஸ் பேட்டன்ஸ் வாங்கியது. 1986இல் அது வன்டோனா வியெல்லாவோடு இணைந்து கோட்ஸ் வியெல்லா ஆனது. ஒரு குடும்பத்தின் கையில் இருந்த சின்னம் ஒரு பெருநிறுவனத்தின் பல சின்னங்களில் ஒன்றாயிற்று.

அதே காலத்தில் வுல்வொர்த்ஸும் உருமாறியது. 1982இல் அமெரிக்கத் தாய்நிறுவனம் பிரிட்டிஷ் கிளையை விற்றது. புதிய உரிமையாளர்கள் 1980களின் நடுவில், எல்லாம் விற்கும் கடை என்ற பழைய நோக்கத்தைக் கைவிட்டு, உணவையும் பெரியவர்களின் உடையையும் ஒதுக்கினார்கள். இனிப்பு, பொம்மை, இசை, வீட்டுப் பொருள் ஆகியவற்றோடு குழந்தை உடையும் தக்கவைக்கப்பட்ட சில துறைகளில் ஒன்று. அந்தத் துறையின் முகமாக லேடிபேர்டு நின்றது. பிரிட்டிஷ் ஆடை உற்பத்தியிலிருந்து கோட்ஸ் விலகிய காலத்தில், புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்தச் சின்னத்தையே வுல்வொர்த்ஸ் சொந்தமாக வாங்கிக்கொண்டது.

இதுவே இரண்டாம் கட்டம். இப்போது பொறிவண்டு, லாங்லியில் பின்னியது என்பதற்குச் சாட்சி சொல்லவில்லை. வுல்வொர்த்ஸ் கொள்முதல் செய்தது என்று மட்டுமே சொன்னது. 1974 முதல் நாடுகளுக்கிடையே ஆடை இறக்குமதிக்கு அளவு விதித்துவந்த பன்னாட்டு இழை ஒப்பந்த முறை, படிப்படியாகத் தளர்ந்து 2005 ஜனவரி 1 அன்று முற்றாக நீங்கியது. பிரிட்டிஷ் கடைத்தெருவின் குழந்தை உடை பெரும்பாலும் ஆசியாவில் தைக்கப்படலாயிற்று. 1970களின் இறுதியில் ஐரோப்பிய ஏற்றுமதிக்குள் நுழைந்து, பின்னல் ஆடைக்கு உலகப் பெயர் பெற்ற திருப்பூர் இந்த மாற்றத்தில் வளர்ந்த ஊர்களில் ஒன்று. அங்கே குழந்தை உடை ஆர்டர் என்றால் ஆலையில் எல்லோருக்கும் கூடுதல் கவனம் வரும். ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்தால் துண்டுகள் அனைத்தையும் தேடியெடுத்துப் பதிவேட்டில் ஒட்டவேண்டும். ஒரு துண்டு கிடைக்காவிட்டாலும் அந்தப் பகுதியின் உடைகளைத் தனியே ஒதுக்கவேண்டும். பொத்தான் பிடுங்கிக்கொண்டு வருகிறதா என்று இழுவைச் சோதனை, கடைசியில் மெட்டல் டிடெக்டர், அதன் பிறகே பேக்கிங். குழந்தையைக் காக்கும் இந்த உழைப்பு முழுவதும் அங்கேயே நடக்கிறது. சீட்டில் இருப்பதோ கடையின் பெயர்.

வீழ்ச்சி

1990இல் ஜார்ஜ் டேவிஸ் அஸ்டா பேரங்காடிகளுக்காக உருவாக்கிய ‘ஜார்ஜ்’ உடைவரிசை, வார மளிகையோடு குழந்தை உடையையும் ஒரே தள்ளுவண்டியில் வாங்கலாம் என்று பழக்கியது. மற்ற பேரங்காடிகளும் பின்தொடர்ந்தன. வுல்வொர்த்ஸின் பழைய பலமான விலையும் அருகாமையும் போட்டியாளர்கள் கைக்குப் போயின. 2001இல் அன்றைய உரிமையாளரான கிங்ஃபிஷர் குழுமத்திலிருந்து வுல்வொர்த்ஸ் தனியே பிரிக்கப்பட்டபோது கடைக் கட்டடங்கள் பல ஏற்கெனவே விற்கப்பட்டு வாடகைக்குத் திரும்ப எடுக்கப்பட்டிருந்தன. வாடகைச் சுமை ஏறியது. 2008 நிதி நெருக்கடியில் கடன் காப்பீட்டாளர்கள் பின்வாங்கியதும், சரக்கு தருவோர் ரொக்கம் கேட்கத் தொடங்கினார்கள். அவ்வாண்டு நவம்பரில் நிறுவனம் திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2009 ஜனவரி 6 அன்று கடைசிக் கடைகள் மூடின. 807 கடைகள் போயின, சுமார் 27,000 பேர் வேலை இழந்தார்கள்.

லேடிபேர்டு பெயரை அஞ்சல்வழி, இணையவழி விற்பனையில் இருந்த ஷாப் டைரக்ட் வாங்கியது. மூன்றாம் கட்டம் இது. தனக்கென்று ஆலையோ கடைத்தெருக் கடையோ இல்லாமல், நினைவின் மதிப்பை மட்டும் சுமந்து சின்னம் கைமாறியது.

முடிவுரை

இந்த எழுபது எண்பது ஆண்டுகளில் குழந்தை உடையின் விலை குறைந்தது, பாதுகாப்பு கூடியது, ஏழைப் பிள்ளைக்கும் புதுத்துணி எட்டியது. இவை பெரிய நன்மைகள்; பின்னல் தொழில்நுட்பம், பரந்த கடைவலை, கண்டிப்பான விதி, வரிச் சலுகை ஆகிய நான்கும் சேர்ந்தே இவற்றைத் தந்தன. ஆனால் ஒவ்வொரு கைமாற்றத்திலும், தைத்தவருக்கும் பொறுப்பேற்பவருக்கும் இடையிலான தூரம் கூடியது. தரச்சோதனை குறையவில்லை, சோதிப்பவர் யார் என்பதே மறைந்தது.

எரிக் பாசோல்டு இந்த வகையில் தொலைநோக்கு உள்ளவர். 1964இல் துணித்தொழில் வரலாற்று ஆய்வுக்காக ஒரு நிதியத்தை நிறுவினார். ‘டெக்ஸ்டைல் ஹிஸ்டரி’ என்ற ஆய்விதழ் 1968 முதல் அதன் துணையோடு வளர்ந்தது. தம் நிறுவனத்தின் கதையையும் 1977இல் நூலாக எழுதினார். லாங்லியின் வரலாற்றை நாம் அறிய அதுவும் ஒரு காரணம். அதற்குப் பிந்தைய குழந்தை உடையின் வரலாறு திருப்பூர் போன்ற ஊர்களின் கட்டிங் அறைகளிலும், பேட்டர்ன் அட்டைகளிலும், ஊசிப் பதிவேடுகளிலும், அங்கே வேலைசெய்த பெண்களின் நினைவிலும் இருக்கிறது. ஆர்டர் முடிந்ததும் இந்தக் காகிதங்கள் எடைக்குப் போகின்றன. நம் பல்கலைக்கழகங்களும் ஏற்றுமதியாளர் அமைப்புகளும் இப்போதே அவற்றைச் சேகரித்து, தொழிலாளர்களின் வாய்மொழியைப் பதிவுசெய்ய வேண்டும். இல்லையென்றால் கடைகளின் வரலாறு எழுதப்பட்டிருக்கும். உடைகளின் வரலாறு எழுதப்படாமலே போகும்.