தோனிக்குப் பின்: சென்னை சூப்பர் கிங்ஸ் தலைமை மாற்றம்

ஐபிஎல் கிரிக்கெட்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் கேப்டன் பொறுப்பு மகேந்திர சிங் தோனியிடமிருந்து (பிறப்பு: 7 ஜூலை 1981) அடுத்த தலைமுறைக்குக் கைமாறிய நிகழ்வுகள் இத்தலைப்பில் அடங்கும். பொறுப்பு 2022 மார்ச்சில் ரவீந்திர ஜடேஜாவிடமும், 2024 மார்ச்சில் ருதுராஜ் கெய்க்வாடிடமும் போனது. இரண்டு முறையும் அது தோனியிடமே திரும்பி வந்தது. முதல் முறை தோல்வியால், அடுத்த முறை காயத்தால். கேப்டன், விக்கெட் கீப்பர், கடைசி ஓவர் மட்டையாளர், கூட்டத்தை இழுக்கும் முகம் என நான்கு வேலைகளை ஒருவரே பார்த்துவந்த அணியில், அணி கைமாற்றியது முதல் வேலையை மட்டுமே.

நெல்லைச் சீமைத் தொடக்கம்

இந்த அணியின் கதையைச் சென்னை சேப்பாக்கம் மைதானத்திலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால் அணியை வாங்கிய பணம் நெல்லைச் சுண்ணாம்புக்கல்லில் வேர்விட்டது. கல்லிடைக்குறிச்சி எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசாமியும் சேர்ந்து 1946-இல் இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். முதல் ஆலை 1949-இல் தாழையூத்தில் இயங்கத் தொடங்கியது. ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்குச் சங்கர்நகர் என்று பெயர். கல்லிடைக்குறிச்சி தென்காசியிலிருந்து நெல்லைக்குப் போகும் ரயில் பாதையில் ஒரு நிறுத்தம். ஆகவே சென்னை அணியின் மஞ்சள் சட்டையில் இப்பகுதியினர் பங்கு கேட்டால் மறுப்பதற்கில்லை.

வாரிசுச் சிக்கல் நிறுவனத்துக்கும் பழக்கமானதே. நாராயணசாமி 1968-இல் இறந்தபோது அவர் மகன் என். சீனிவாசனுக்கு வயது இருபத்து மூன்று. பொறுப்புக்கு வந்தவர் இடையில் சில ஆண்டுகள் நிர்வாகத்துக்கு வெளியே நிற்க வேண்டியிருந்தது, 1989-இல் திரும்பினார். சென்னை லீக் கிரிக்கெட்டில் பல அணிகளை நடத்தி, ஆட்டக்காரர்களுக்கு வேலையும் கொடுத்துவந்த நிறுவனம் 2008 ஜனவரியில் 9.1 கோடி டாலருக்குச் சென்னை அணியை வாங்கியது. தோனியும் பின்னர் அதே நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரானார். முதலாளி, ஊழியர், கேப்டன் என்ற எல்லைகள் இங்கே ஒருபோதும் அழுத்தமாக வரையப்பட்டதில்லை. பின்னாளில் தோனியைப் பொறுப்பிலிருந்து எழுப்ப எவரும் துணியாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சங்கர்நகரில் நிறுவனத்தின் மைதானம் இருக்கிறது. 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) தொடரின் ஆட்டங்கள் அங்கே நடந்திருக்கின்றன. 2023-இன் இறுதியாட்டம் ஜூலை 12 அன்று, குற்றாலத்தில் சாரல் அடிக்கும் பருவத்தில், அங்கேதான் நடந்தது. நெல்லை ராயல் கிங்ஸ் சொந்த மண்ணில் லைகா கோவை கிங்ஸிடம் தோற்றது.

2008 ஏலம்

2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் முதல் ஏலம் நடந்தது. டெல்லிக்குச் சேவாக், மும்பைக்குச் சச்சின், பஞ்சாபுக்கு யுவராஜ், கொல்கத்தாவுக்குக் கங்குலி, பெங்களூருக்கு டிராவிட் என ஐந்து அணிகளுக்கு உள்ளூர் நட்சத்திரங்கள் ஏலமின்றியே ஒதுக்கப்பட்டிருந்தனர். அந்த நட்சத்திரத்துக்கு அணியின் அதிகபட்ச ஏலத் தொகையைவிட 15 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்பது விதி. சென்னைக்கு அப்படி யாரும் இல்லை. அந்தக் குறையே லாபமாக முடிந்தது. அந்த ஐந்து அணிகள் தோனிக்கு ஏறக் கேட்கக் கேட்கத் தங்கள் நட்சத்திரத்தின் சம்பளமும் சேர்ந்து ஏறியது. மொத்தக் கையிருப்போ 50 லட்சம் டாலர்தான். சென்னை 15 லட்சம் டாலருக்குத் தோனியை எடுத்தது. அன்றைய ஏலத்தின் உச்ச விலை அது. தேர்வுக்குப் பின்னால் இருந்தவர் முன்னாள் இந்திய மட்டையாளர் வி.பி. சந்திரசேகர். ராஞ்சிக்காரர் தமிழகத்தின் ‘தல’ ஆனது இந்தக் கணக்கின் வழியாகத்தான்.

அதன்பின் 2010, 2011, 2018, 2021, 2023 என ஐந்து கோப்பைகள். 2013-இன் சூதாட்ட விவகாரத்தைத் தொடர்ந்து 2016, 2017 ஆண்டுகளில் அணிக்குத் தடை. அப்போது தோனி புனே அணிக்கு ஆடினார். அங்கே முதல் ஆண்டு கேப்டனாக இருந்தவரை மறு ஆண்டு நிர்வாகம் இறக்கிவிட்டு ஸ்டீவ் ஸ்மித்தை அமர்த்தியது. தோனியிடமிருந்து தலைமையைப் பிடுங்க முடியும் என்று காட்டிய ஒரே அணி அதுதான். மஞ்சள் அணியில் அப்படி யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

வாரிசுகளின் வகை

ரசிகர்கள் சூட்டிய பெயர்களே ஒரு வாரிசு வரிசையைச் சொல்லிவிடும்: தல, சின்ன தல, தளபதி.

சின்ன தல சுரேஷ் ரெய்னா இயல்பான வாரிசு. தோனி காயத்தால் ஒதுங்கிய ஆட்டங்களில் பொறுப்பேற்றவர் அவர்தான். ஆனால் தோனியைவிட ஐந்து வயதே இளையவர். மூத்தவர் எழுந்திருப்பதற்குள் இளையவரின் ஆட்டம் முடிந்துவிட்டது. 2022 ஏலத்தில் அவரை எடுக்க எந்த அணியும் முன்வரவில்லை. இவரைக் காத்திருந்து கடந்துபோன வாரிசு எனலாம். தளபதி ஜடேஜா நியமிக்கப்பட்ட வாரிசு. 2022 டிசம்பரில் 16.25 கோடிக்கு வாங்கப்பட்ட இங்கிலாந்து கேப்டன் பென் ஸ்டோக்ஸ், விலைக்கு வாங்கிய வாரிசு; எழுதியவர்களும் பேசியவர்களும் அவரை அடுத்த கேப்டன் ஆக்கினார்கள், அவரோ 2023-இல் இரண்டு ஆட்டங்களில் 15 ரன் எடுத்து ஊர் திரும்பினார். ருதுராஜ் மட்டுமே அணிக்குள் வளர்ந்த வாரிசு.

அமெரிக்கக் கால்பந்தில் இதே சிக்கலுக்கு வேறொரு வழி உண்டு. அங்கே குவார்ட்டர்பேக் என்பவரே ஆட்டத்தை நடத்துபவர். கிரீன் பே பேக்கர்ஸ் அணி, பிரெட் ஃபார்வ் ஆடிக்கொண்டிருந்தபோதே 2005-இல் ஆரோன் ராட்ஜர்ஸைத் தேர்ந்தெடுத்து மூன்று ஆண்டுகள் பெஞ்சில் உட்காரவைத்தது. 2008-இல் ஃபார்வை அனுப்பிவிட்டது. ராட்ஜர்ஸுக்கு வயதானபோது 2020-இல் ஜோர்டன் லவ் வந்தார். அவரும் மூன்று ஆண்டு காத்திருந்து 2023-இல் இடம் பிடித்தார். இரண்டு முறையும் முதியவருக்கு மனக்கசப்பு. ஆனால் புதியவர் பொறுப்பேற்ற நாளில் பழையவர் அந்த மைதானத்தில் இல்லை. சென்னையில் பழையவர் ஸ்டம்புக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

2022: எட்டு ஆட்டங்கள்

தோனி பதவி விலகும் பாணி முன்பே தெரிந்ததுதான். 2014 டிசம்பரில் மெல்போர்னில் தொடரின் நடுவே டெஸ்ட் ஆட்டத்தையும் அதன் தலைமையையும் துறந்தார்; 2020 ஆகஸ்ட் 15 அன்று இன்ஸ்டாகிராம் பதிவொன்றில் சர்வதேச ஆட்டத்தை முடித்துக்கொண்டார். அந்த ஆண்டு நவம்பரில், மஞ்சளில் இதுதான் கடைசி ஆட்டமா என்று டேனி மாரிசன் கேட்டதற்கு ‘டெஃபனிட்லி நாட்’ என்ற இரண்டே சொல்லில் பதில் முடிந்தது.

2022-க்கான தக்கவைப்புப் பட்டியலில் ஜடேஜாவுக்கு 16 கோடி, தோனிக்கு 12 கோடி. குறிப்பு அதிலேயே இருந்தது. இருந்தும் அறிவிப்பு வந்தது தொடருக்கு இரண்டு நாள் முன்னர், மார்ச் 24 அன்று. முடிவு தோனியுடையது என்றார் தலைமைச் செயல் அலுவலர் காசி விஸ்வநாதன். (தென்காசிக் கோயில் மூலவரின் பெயர் இவருக்கு. அக்கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், தனக்குப் பின் அதைக் காப்போரை அடிபணிவதாகக் கல்வெட்டில் சொல்லிவைத்தவன். அரசர்களிலும் அடுத்தவரை நினைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.)

ஜடேஜாவுக்கு மாநில அணியைக்கூட நடத்திய பழக்கம் இல்லை. முதல் நான்கு ஆட்டங்களும் தோல்வி. எல்லையோரம் நின்ற கேப்டன் ஓடிவருவதற்குள், தோனியின் கீப்பிங் கையுறை காட்டிய திசையில் களத்தடுப்பு மாறிவிடும். எட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றி; ஏப்ரல் 30 அன்று பொறுப்பைத் திருப்பிக் கொடுத்தார். முதல் இரண்டு ஆட்டங்களைத் தான் கவனித்துக்கொண்டதாகவும், ஊட்டிவிடுவதால் கேப்டன் உருவாக மாட்டார் என்பதால் பிறகு ஒதுங்கியதாகவும் தோனி மறுநாள் சொன்னார். ஜடேஜாவின் ஆட்டமும் சரிந்தது: அந்த ஆண்டு 10 ஆட்டங்களில் 116 ரன், 5 விக்கெட். அணி ஒன்பதாவது இடம்.

அடுத்த ஆண்டு கோப்பையே வந்துவிட்டதால் கேள்வி தள்ளிப்போனது. அகமதாபாத் இறுதியாட்டத்தில் கடைசி இரண்டு பந்துகளில் சிக்ஸரும் பவுண்டரியும் அடித்துக் கரைசேர்த்தவர் ஜடேஜா. அவரைத் தோனி இடுப்போடு தூக்கிய படம் வீடுகளின் சுவருக்கு வந்தது. அதே ஜடேஜாதான் சில வாரம் முன்பு, தான் முன்னால் இறங்கினால் தான் அவுட் ஆக வேண்டுமென்றே கூட்டம் காத்திருக்கும் என்று சிரித்தபடி சொன்னார். வாரிசுத் திட்டம் எதுவும் கணக்கில் எடுக்காத தரப்பு இந்தக் கூட்டம்.

ருதுராஜ்

2021 கோப்பை ஆண்டில் 635 ரன் குவித்து ஆரஞ்சு தொப்பி வென்றவர். மகாராஷ்டிர அணியை நடத்தியவர். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் கேப்டன். 2024 மார்ச் 21 அன்று கேப்டன்கள் கோப்பையுடன் நின்ற படத்தில் தோனிக்குப் பதில் இவர் நின்றதைப் பார்த்துத்தான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. 2022-இல் தோனி விலகுவதற்கு அணி தயாராக இருக்கவில்லை, இம்முறை தயார் என்றார் பயிற்சியாளர் ஸ்டீஃபன் ஃபிளெமிங். ருதுராஜ் 583 ரன் எடுத்தார். அணி 14-இல் 7 வென்று, ரன்ரேட்டில் பிளேஆஃப் வாய்ப்பை இழந்தது.

தோனியோ கீழ்வரிசையில் இறங்கி 73 பந்தில் 161 ரன் அடித்தார். முழங்கால் அறுவைக்குப் பின் அதற்கு மேல் ஓட முடியாது என்பது கண்கூடு. சில பந்துகளுக்காக ஓர் இடத்தை ஒதுக்கிவைப்பது அணிக்குக் கட்டுப்படியாகுமா என்ற கேள்வியை டிக்கெட் விற்பனை அடக்கிவிட்டது.

2025-க்கு முன் ஒரு விதி கைகொடுத்தது: ஐந்தாண்டுகளாகச் சர்வதேச ஆட்டம் ஆடாதவரை உள்நாட்டு வீரர் கணக்கில் சேர்க்கலாம். நாட்டுக்கு இரண்டு உலகக் கோப்பைகள் வாங்கித் தந்தவர் 4 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். மார்ச் 30 அன்று குவஹாத்தியில் துஷார் தேஷ்பாண்டேயின் பந்து ருதுராஜின் முழங்கையைத் தாக்கியது. எலும்பு முறிவு, ஏப்ரல் 11 முதல் 43 வயதில் தோனியே மீண்டும் கேப்டன். அன்று சேப்பாக்கத்தில் அணி 103 ரன்னுக்கு முடங்கியது. 14-இல் 4 வெற்றி, வரலாற்றில் முதல்முறையாகக் கடைசி இடம். இடையே ஆயுஷ் மாத்ரே என்ற பதினேழு வயதுப் பையன் துணிந்து ஆடியதே மிச்சம்.

தற்போதைய நிலை

இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனமே 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கைக்குப் போய்விட்டது. அணி முன்னரே தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து, கீப்பர் சஞ்சு சாம்சனை 18 கோடிக்குச் சென்னை பெற்றது. டிசம்பர் ஏலத்தில் இளம் கீப்பர் கார்த்திக் சர்மாவுக்கு 14.2 கோடி. 2026-க்கும் ருதுராஜே கேப்டன் என்றும், தோனி அணியில் தொடர்கிறார் என்றும் அணி அறிவித்தது.