துணிக்குள் இருந்த அம்மா

வேலையை விட்டுவிட்டுக் குழந்தைகளைப் படமெடுக்கும் தொழிலில் இறங்கப்போவதாக நண்பன் சொன்னான். கையில் சேமிப்பு ஒன்றரை லட்சம். "மச்சி, எந்த கேமரா வாங்கட்டும்?" நான் 1839-லிருந்து ஆரம்பித்தேன். திட்டிக்கொண்டே கேட்டான்.

அந்த வருஷம்தான் பாரிஸில் டாகேரின் புகைப்பட முறை வெளியானது. அதற்கான லென்ஸ் வழியே வெளிச்சம் கொஞ்சமாகத்தான் போகும். வெயிலில்கூட நிமிடக்கணக்கில் அசையாமல் உட்காரணும். பெரியவர்களுக்கே பின்தலையில் இரும்புத் தாங்கி வைத்தார்கள். ஒன்றரை வயசுக் குழந்தை என்ன செய்யும்?

வியன்னாவில் கணிதப் பேராசிரியர் ஜோசப் பெட்ஸ்வால் இதைக் கணக்காகப் பார்த்தார். கணினி ஏது? ஆஸ்திரியப் பீரங்கிப் படையில் கணக்குத் தெரிந்த வீரர்கள் உதவினார்கள். குண்டு எங்கே விழும் என்று கணக்கிட்டவர்கள், ஒளி எங்கே குவியும் என்று கணக்கிட்டார்கள். என் தொழிலின் முன்னோர்கள் என்று நினைத்துக்கொள்வேன். 1840-இல் ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் செய்த அந்த லென்ஸின் திறப்பு எஃப் 3.6. பழையதைவிடப் பதினைந்து மடங்குக்கு மேல் வெளிச்சம். நடுவில் கூர்மை, ஓரத்தில் மங்கல். முகத்துக்கு அது போதும்.

நிமிடங்கள் நொடிகளாயின. குழந்தைக்கு அந்தச் சில நொடிகளும் அதிகம். அதனால் விக்டோரியா காலத்து ஸ்டூடியோக்களில் அம்மாவைத் துணியால் மூடி, நாற்காலி மாதிரி உட்காரவைத்து, மடியில் குழந்தையை வைத்தார்கள். இன்று அந்தப் படங்களைப் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கும்: பிள்ளைக்குப் பின்னால் முகமில்லாத ஒரு துணிக்குவியல்.

"அதனால பாடியில காசைக் கொட்டாதே. கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ் இருந்தா செகண்ட் ஹேண்டே போதும். 85 மிமீ, எஃப் 1.8 லென்ஸ் புதுசா வாங்கு. சின்ன ரூம்னா 50. 1/500 நொடி கிடைச்சா ஓடுற பிள்ளையும் சிக்கும். முழுசா திறக்காதே, கண் தெளிவா இருக்கும், காது கரைஞ்சிடும்."

"அவ்வளவுதானா?"

இன்னொன்று இருந்தது. ஸ்டூடியோவில் எடுத்த என் முதல் பிறந்தநாள் படம். இடது ஓரத்தில் இரண்டு வளையல், நான்கு விரல். நான் விழாமல் பிடித்திருக்கும் அம்மா. அந்த வயசு அம்மாவுக்கு எங்கள் வீட்டில் வேறு படமே கிடையாது. பிடிக்க ஆள் தேவைப்பட்ட காலம் போய்விட்டது; ஆனாலும் அம்மாக்களை இன்னும் ஓரமாகத்தான் நிற்கச் சொல்கிறோம்.

போன வாரம் நண்பன் ஒரு படம் அனுப்பினான். ஓடிவரும் குழந்தை, துல்லியமாக. பின்னால் கொஞ்சம் மங்கலாக, சிரித்தபடி துரத்திவரும் அம்மா.