ஒரு கூரை, பல அடுப்புகள்: கூட்டுக் குடும்பம் பிரிந்த வரலாறு

கூட்டுக் குடும்பம் சிதைந்தது, அதன் இடத்தில் தனிக்குடும்பம் வந்தது என்பது நாம் அடிக்கடி கேட்கும் கதை. ஆனால் எது சேர்ந்திருந்தால் அது கூட்டுக் குடும்பம் என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு அளவுகோல் அடுப்பு: சேர்ந்து வசித்து, பொதுச் சமையலில் உண்பவர்கள் ஒரு குடும்பம். இந்துச் சட்டத்துக்கு அளவுகோல் சொத்து: பாகம் பிரியாத வரையில் அண்ணன் காரைக்குடியிலும் தம்பி டெல்லியிலும் இருந்தாலும் அது ஒரே குடும்பம். ஊர்ப் பேச்சுக்கு அளவுகோல் கூரை. சமூகவியலாளர் ஏ. எம். ஷா 1973-இல் வெளியிட்ட நூலில், ஒரு வீட்டில் வாழ்வோரையும் உறவால் ஆன குடும்பத்தையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது என்று வாதிட்டார். அந்த எச்சரிக்கையை மனத்தில் கொண்டு அடுப்பு, சொத்து, கூரை ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில் பிரிந்ததைச் செட்டியார் என்றும் அழைக்கப்படும் வணிகச் சமூகமான செட்டிநாட்டு நகரத்தாரின் வழக்கத்தை முதன்மைச் சான்றாக வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

அடுப்பு

செட்டிநாட்டு வீட்டின் முன்பகுதிகளான முகப்பையும் பட்டாலையையும் கடந்து உள்ளே போனால் வளவு வரும். நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் அறைகள். மணமான மகன் ஒவ்வொருவனுக்கும் ஓர் அறை. இவ்வளவு பெரிய வீட்டைப் பார்ப்பவர் உள்ளே ஒரே பெரிய சமையற்கட்டு இருக்கும் என்றே நினைப்பார். நகரத்தார் வழக்கம் வேறு. மணமான சிறிது காலத்தில் மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பார்கள்’. அதே வீட்டில், அதே வளவில், தனி அடுப்பு, தனி வரவுசெலவு. 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளிலும் இவ்வழக்கம் பதிவாகியுள்ளது.

மணமான இணையே கணக்கின் அலகு என்ற இந்தப் பார்வை சமையலோடு நிற்கவில்லை. இளையாத்தங்குடி, பிள்ளையார்பட்டி உள்ளிட்ட, நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களிலும் திருமணம் ஆனதும் அந்த இணை ஒரு ‘புள்ளி’. கோயில் கணக்கு புள்ளிப்படியே நடக்கிறது. பெண்கள் கொண்டுவந்த பணம் வட்டிக்கடைகளில் ‘ஆச்சிமார் பணம்’ என்ற பெயரில் தனியாக வரவு வைக்கப்பட்டது.

இந்தத் தனிக் கணக்குக்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு. வட்டித்தொழிலுக்காகப் பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்த ஆண்கள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் அங்கே தங்கினர். ஊரில் இருந்த பெண் தன் அடுப்பைத் தானே நடத்த வேண்டியிருந்தது. மாமியாரின் கொத்துச்சாவிக்குக் காத்திருக்கும் நிலை அவளுக்குக் குறைந்தது; சிக்கனத்தின் பலனும் ஊதாரித்தனத்தின் விளைவும் அவளுடைய கணக்கிலேயே ஏறின. பிள்ளைப்பேறு, நோய், இழவு என்று வந்தால் வளவு முழுவதும் துணைக்கு இருந்தது.

சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையில் கோவலனின் தாய், மகனையும் மருமகளையும் தனி மனையில் இல்லறம் நடத்த வைக்கிறாள். நகரத்தார் தங்கள் வழக்கத்தின் தொன்மைக்கு இதைச் சுட்டுவதுண்டு. ஒரு காப்பியக் காட்சியைக் கொண்டு நேரடித் தொடர்ச்சியை நிறுவ முடியாது. எனினும் புகார் வணிகர் குடும்பத்தைப் பாடிய புலவருக்குத் தனிக்குடித்தனம் குடும்பம் உடைந்ததன் அடையாளமாகத் தோன்றவில்லை என்பது தெளிவு. ஆகவே தனி அடுப்பை மேலைக்கல்வியின் விளைவு என்றோ நகரமயத்தின் விளைவு என்றோ மட்டும் சொல்வது பொருந்தாது.

சொத்து

சொத்தைப் பிரித்தது பெரும்பாலும் நீதிமன்றமும் சட்டமன்றமும். இந்துச் சட்டப் பிரிவுகளில் ஒன்றான மிதாட்சர முறைப்படி மகனுக்குப் பிறப்பாலேயே பூர்விகச் சொத்தில் உரிமை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வக்கீல், அரசு அதிகாரி என்று புதிய சம்பாத்தியக்காரர்கள் தோன்றியதும் ஒரு கேள்வி எழுந்தது. குடும்பப் பணத்தில் படித்தவனின் சம்பளம் யாருக்கு? சென்னைச் சட்டமன்றத்தில் வெ. பாஷ்யம் ஐயங்கார் 1890-களில், அது ஈட்டியவனுக்கே உரியது என்று ஒரு மசோதாவை முன்வைத்தார், அது சட்டமாகவில்லை. 1921-இல் கோகல் சந்த் வழக்கில், குடும்பச் செலவில் சிறப்புக் கல்வி பெற்ற ஓர் ஐ.சி.எஸ். அதிகாரியின் வருவாய் கூட்டுச் சொத்தே என்று அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. 1930-ஆம் ஆண்டுச் சட்டம்தான் கல்வியால் வந்த ஈட்டம் தனிச்சொத்து என்று முடிவு கட்டியது.

இந்த வாதங்களின் நடுவில் இருந்தவர்கள் ஆண்கள். பெண்ணின் கோரிக்கை வேறொரு திசையில் வளர்ந்தது. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கும் சமச் சொத்துரிமை கேட்டது. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்கு வரையறுத்த உரிமை தந்தது. 1956-இன் வாரிசுரிமைச் சட்டம் மேலும் ஓரடி வைத்தது. ஆனால் கூட்டுச் சொத்தில் பிறப்புரிமை மகனோடு நின்றது. தமிழ்நாடு 1989-இல் அதை மகளுக்கும் நீட்டித்தது. அதற்கு முன்பே மணமானவர்கள் விடுபட்டனர். நாடு முழுவதற்கும் 2005-இல் திருத்தம் வந்தது. கேரளம் மட்டும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே ஒழித்தது.

ஒரே உலையில் சோறு பொங்கிய காலத்தில் மகள் அந்தச் சொத்துக் கூட்டின் உறுப்பினர் அல்லள். அடுப்புகள் பிரிந்து, பிள்ளைகள் ஊர் ஊராகப் போன பிறகுதான் சட்டம் அவளை உள்ளே அழைத்தது.

கூரை

செட்டிநாட்டில் கூரை பிரிந்ததற்குக் காரணம் குடும்பச் சண்டை அன்று, பொருளாதாரம். 1930-களின் பெருமந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத பர்மிய உழவர்களின் நிலங்கள் செட்டியார் கைக்கு வந்தன. 1930-களின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் அவர்களிடம் இருந்தது. 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பு. பின்னர் பர்மிய அரசின் நிலச் சட்டங்கள். முதல் கடலோடு போயிற்று. அடுத்த தலைமுறை மில், வங்கி, உத்தியோகம் என்று சென்னைக்கும் கோவைக்கும் பெயர்ந்தது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 7.21 கோடி மக்கள் சுமார் 1.85 கோடி குடும்பங்களில் வாழ்ந்தனர். குடும்பத்துக்கு நான்கு பேர்கூட இல்லை. இந்த எண் அடுப்புகளை எண்ணிக் கிடைத்தது. இதே அளவுகோலை நூறாண்டுக்கு முந்தைய வளவு ஒன்றில் வைத்தால் அங்கும் ஐந்தாறு சிறு குடும்பங்களே தெரியும். எண் சிறியது என்பதால் மட்டும் உறவு அறுந்துவிட்டதென்று முடிவு கட்ட முடியாது.

முடிவாக

இரு வாழ்க்கை முறைகளையும் ஒப்பிடும்போது ‘கூட்டா, தனியா’ என்று கேட்பதைவிட, எதைப் பொதுவில் வைத்தார்கள், எதைத் தனியாக வைத்தார்கள் என்று கேட்பது பயன் தரும். அடுப்பும் பணமும் பொதுவானால் சம்பாதிக்காதவருக்கும் சோறு உறுதி. ஆனால் மருமகளின் உழைப்புக்குக் கணக்கே இராது. மூன்றும் தனியானால் விருப்பப்படி வாழலாம். குழந்தைக்கு இரவில் காய்ச்சல் கண்டால் தோள் மாற்ற ஆள் இராது. நகரத்தார் வளவு இவ்விரண்டுக்கும் நடுவே நின்றது: பணம் தனி, பராமரிப்பு பொது. மூத்தோர் பராமரிப்புக்கென 2007-இல் ஒரு தனிச் சட்டம் தேவைப்பட்டதே இந்தப் ‘பராமரிப்பு பொது’ என்ற பகுதி எவ்வளவு மெலிந்துவிட்டது என்பதைக் காட்டுகிறது.

இன்று செட்டிநாட்டில் பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் பெருகியதால் விற்கவும் முடியவில்லை, பழுது பார்க்கவும் ஒருவர் கையால் ஆவதில்லை. முன்னோர் வழிபாடான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் திறக்கிறார்கள். பாட்டிகள் தனித்தனி அடுப்பு மூட்டிய அந்த வீட்டில், அந்த ஒருநாள் மட்டும் எல்லாருக்கும் ஒரே சமையல் நடக்கிறது.